ஏரியில் மீன் பெருகுவதும் அருகுவதும்

கோலா கங்சார் நகரில், மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலியிட்டுப் பாதுகாக்கப்பட்டு வரும் முதிய ரப்பர் மரத்தை நம் தோட்டப்புற மக்களுள் பலர் கண்டிருப்பர். 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளுள் 9 கன்றுகளைப் பேராக் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ இந்நகரில் நட்டார். அவற்றின் நினைவாக நிற்பது இம்மரம். இதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப்படுகையாகும்.

அதே ஆற்றுப்படுகையிலிருந்து, நூறாண்டுகளுக்கும் பிந்தி, வேறோர் உயிரினமும் நம் மாநிலத்திற்கு வந்து சேர்ந்தது. பீக்காக் பாஸ் என்னும் மீனே அது. வால் துடுப்பின் அடியில் பொன்னிற வளையம் சூழ்ந்த கரும்புள்ளி ஒன்று மயிற்பீலியின் கண்ணைப் போல் அமைந்திருப்பதால் அதற்கு அப்பெயர் வந்தது. தூண்டில்காரர்கள் சுருக்கமாக 'பிபி' என்பர். அலங்கார மீன் வணிகத்தின் வழியாகவும், தூண்டில் விளையாட்டில் ஆர்வமுடையோரின் கைவழியாகவும் 1990களிலிருந்து இம்மீன் நம் நாட்டு நீர்நிலைகளில் பரவியது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயத் தொழில் நலிந்தபின், குறிப்பாக 1985ஆம் ஆண்டின் விலை வீழ்ச்சிக்குப் பின், கைவிடப்பட்டுக் கிடக்கும் சுரங்கக் குட்டைகளில் இன்று இது மிகுதியாக வாழ்கின்றது. அக்குட்டைகளின் நீர் பெரும்பாலும் அசையாமலும் தெளிந்தும் இருக்கும். கண்ணால் பார்த்து இரை தேடும் பகல் நேர வேட்டை மீனாகிய பீக்காக் பாஸுக்கு இதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை.

ரப்பர் மரத்தை நாம் நிரை பிடித்து நட்டோம்; நட்ட இடத்தில் அது நின்றது; வேண்டாதபோது வெட்டிவிட்டுச் செம்பனை நட்டோம். நீரில் விடப்பட்ட மீனிடம் இவ்வாறு நடந்துகொள்ள இயலாது. அதனால்தான் ஓர் ஏரியில் எந்த மீனைப் பிடிக்கலாம், எதனை விட்டுவிட வேண்டும், எதனை அங்கே கொண்டுவந்து சேர்க்கவே கூடாது என்னும் மூன்று கேள்விகளையும் தூண்டில் எடுப்போர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியதாகின்றது.

முதலில் 'பாஸ்' என்னும் பெயரைப் பற்றி ஒரு சொல். வட அமெரிக்க ஏரிகளில் புகழ்பெற்ற பெருவாய் பாஸ் வேறு. அமேசான் பீக்காக் பாஸ் வேறு. பின்னது உண்மையில் திலாப்பியாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. தூண்டிலில் சிக்கியதும் மூர்க்கமாக இழுக்கும் இயல்பு ஒன்றாக இருப்பதால், கண்டவர்கள் ஒரே பெயரை இட்டுவிட்டனர். எனினும் ஏரி மீன்களின் தொகையைப் பேணும் அறிவியலுக்குப் பெருவாய் பாஸ் பெரிதும் துணைபுரிந்திருக்கின்றது. அந்த வரலாறு நம் தோட்டத்துக் குளங்களுக்கும் பயன்படக்கூடியது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆபர்ன் என்னும் ஊரில் ஹோமர் ஸ்விங்கிள் என்ற மீனியல் அறிஞர் இருந்தார். பண்ணைக் குளங்களில் உழவர்கள் விட்ட மீன்கள் சில ஆண்டுகளிலேயே விரலளவாகக் குறுகிப்போவது ஏன் என்பதனை அவர் 1930களிலிருந்து ஆராய்ந்தார். குளத்தில் நீரை வடித்து, உள்ள மீன்கள் அனைத்தையும் எடுத்து, வகை வகையாகப் பிரித்து எடை போட்டார். ஒன்றிரண்டு குளங்கள் அல்ல. பல குளங்களில் இவ்வாறு செய்து, 1950ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். அவர் கண்டது இதுதான். வேட்டை மீன் ஒரு பங்கு எடை இருந்தால், அதற்கு இரையாகும் மீன்கள் 3 முதல் 6 பங்கு எடை இருக்கும் குளமே நெடுங்காலம் நல்ல விளைச்சலைத் தருகின்றது. இரைமீன் இதற்கு வெகுவாக மிஞ்சிவிட்டால் உணவுப் பற்றாக்குறையால் அவை அனைத்தும் குன்றிப்போகின்றன. வேட்டை மீன் மிஞ்சினாலோ, இளம் வேட்டை மீன்கள் பசியால் மெலிந்து வளராமல் நின்றுவிடுகின்றன.

இது கேட்பதற்கு எளிதாக இருக்கலாம். ஆனால், அக்காலத்தில் மீன் குறைந்தால் மேலும் குஞ்சுகளை வாங்கி விடுவதே வழக்கமாக இருந்தது. குளத்தில் மீன் குறைவாக இருப்பதனால் அன்று, தேவைக்கு மேல் இருப்பதனாலேயே விளைச்சல் கெடுகின்றது என்பதனை ஸ்விங்கிள் எடைக் கணக்கோடு காட்டினார்.

நம் பகுதியில் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு திலாப்பியாக் குளம். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாத் தீவிலிருந்து மலாயாவுக்கு வந்து சேர்ந்தது கறுப்புத் திலாப்பியா. மலாய்க்காரர்கள் அதனை 'ஈக்கான் ஜெப்புன்' என்று அழைப்பதற்கு இதுவே காரணம். தமிழகத்தில் அதே மீனை ஜிலேபிக் கெண்டை என்பர். தாய்மீன் முட்டைகளை வாயிலேயே சுமந்து காப்பதால் குஞ்சுகள் எளிதில் அழிவதில்லை. பிறந்த மூன்று மாதங்களுக்குள்ளாகவே, உள்ளங்கை அளவு வளரும் முன்பே, அது முட்டையிடத் தொடங்கிவிடும். பஞ்ச காலத்தில் பலர் பசியைத் தீர்த்த மீன் அது என்பதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் வேட்டை மீன் இல்லாத குளத்தில் அதனை விட்டால், ஓராண்டுக்குள் குளம் முழுதும் குஞ்சுகள் நிறைந்து, உண்ணத் தகுந்த அளவில் ஒன்றும் கிட்டாமல் போகும்.

தோட்டத்துக் குளத்திலோ, வீட்டுக்குப் பின்னால் வெட்டிய சிறு குளத்திலோ இந்நிலை ஏற்பட்டால், அதற்கு நம் மண்ணிலேயே மருந்து உண்டு. விரால்தான் அது, மலாயில் 'ஹாருவான்' எனப்படுவது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், மகப்பேறு முடிந்த தாய்மார்களுக்கும் புண் ஆறுவதற்கென நம்மவர்கள் தேடி வாங்கிச் சமைக்கும் அதே மீன். திலாப்பியா பெருகிய குளத்தில் நடுத்தர அளவிலான சில விரால்களை விட்டால் அவை குஞ்சுகளைத் தின்று கூட்டத்தைக் குறைக்கும். எஞ்சிய திலாப்பியாக்கள் பருக்கும். இவ்வாறு விடுகின்றபோது ஒன்றை மறக்கலாகாது. விரால் மழை இரவுகளில் ஈரத் தரையில் ஊர்ந்து வேறு குளம் தேடிச் செல்லக்கூடியது. ஆதலின் கரையைச் சற்று உயர்த்தி அமைப்பது நல்லது.

குளம் எந்நிலையில் உள்ளது என்பதனைக் கண்டறிய ஸ்விங்கிள் ஓர் எளிய வழியையும் சொல்லியிருக்கின்றார். நீரை வடிக்க வேண்டியதில்லை. கரையோரத்தில் சிறுகண் வலை ஒன்றை வளைத்து இழுத்து, சிக்கியவற்றின் அளவைப் பார்த்தால் போதும். அண்மையில் பொரித்த குஞ்சுகள் இரு வகையிலும், அதாவது வேட்டை மீனிலும் இரைமீனிலும், காணப்பட்டு, இடைப்பட்ட அளவிலான இரைமீன்கள் சிலவாக இருந்தால் குளம் சமநிலையில் உள்ளது. இடைப்பட்ட அளவினவே வலை நிறைய வந்து, வேட்டை மீனின் குஞ்சு ஒன்றும் இல்லையெனில் நெரிசல் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். அவர் இதனைப் பெருவாய் பாஸுக்கும் அதன் இரையாகிய புளூகில் மீனுக்கும் வகுத்தார். விராலுக்கும் திலாப்பியாவுக்கும் அதே கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் பார்க்க வேண்டிய முறை அதுவே.

குளத்தை விட்டு ஏரிக்கு வருவோம். கோலா கங்சாருக்கு வடக்கே பேராக் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட செண்டரோ அணை 1930ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அளிப்பதற்காக எழுந்த அணை அது. அதன் பின்னால் தேங்கிய நீர்ப்பரப்பு ஏறத்தாழ 25 சதுர கிலோமீட்டர். பின்னாளில், 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும், அதற்கு மேலே தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங் ஆகிய அணைகளும் எழுந்தன. நான்கனுள் ஆற்றின் கீழ்க்கோடியில் இருப்பதும் வயதில் மூத்ததும் செண்டரோவே. நீர்த்தாவரங்கள் அடர்ந்த சதுப்புக் கரைகளும், பழைய ஆற்றுத் தடமும், கிளையோடைகளின் முகத்துவாரங்களும் அதில் உண்டு. எனவே மீன் வகைகளும் பல. லம்பாம், தெர்புல், பாவுங் கெளுத்தி, பெலிடா, கெத்துத்து எனக் கரையோரக் கம்பத்து மக்கள் வெவ்வேறு கருவிகளால் வெவ்வேறு மீன்களைப் பிடித்து வாழ்ந்து வந்தனர். மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் அவ்வேரியை ஆராய்ந்தபோது, பல கருவிகளையும் பல மீனினங்களையும் சார்ந்த சிறு மீன்பிடித் தொழில் என்றே அதனை வருணித்தனர்.

இவ்வேரியின் வேட்டை மீன்களுள் இரண்டைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகின்றேன். ஒன்று செபராவ். பிறப்பில் கெண்டை இனம். உணவில் பிற மீன்களைத் துரத்தித் தின்னும் இனம். உடலின் நடுவே செங்குத்தாக ஓடும் கரும்பட்டையால் அதனை அடையாளம் காணலாம். முட்டையிடுவதற்கு ஓடும் நீரை நாடிச் செல்லும். இட்ட முட்டைகளைக் காப்பதில்லை. மற்றது தோமான். விராலின் பெரிய உறவினன் எனலாம். ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. செபராவைப் போலன்றி, இது பெற்றோர் இருவரும் கூடிக் குஞ்சுகளைக் காக்கும் மீன்.

இக்காவலிலேதான் தோமானுக்கு ஆபத்தும் இருக்கின்றது. செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் பந்துபோல் திரண்டு நீந்தும். காற்றைச் சுவாசிக்க வேண்டியவை ஆதலால் சிறிது நேரத்திற்கு ஒரு முறை அனைத்தும் ஒருசேர மேலே வந்து, நீர்ப்பரப்பு கொதிப்பது போல் தோன்றும். தூண்டில்காரர் அந்தக் கொதிப்பைக் கண்டதும் செயற்கை இரையை அதன் நடுவே வீசுகின்றார். கீழே நிற்கும் தாயோ தந்தையோ பசியினால் அன்று, குஞ்சைக் காக்கும் சினத்தினால் பாய்ந்து கவ்வுகின்றது. பெரிய மீன், சிறந்த ஆட்டம், படம் எடுத்துக்கொள்ளத் தக்க வெற்றி. ஆனால் அடுத்த சில மணி நேரத்திற்குள் காவலிழந்த குஞ்சுக் கூட்டத்தைச் சுற்றியிருக்கும் மற்ற மீன்கள் உண்டு தீர்த்துவிடும். ஒரே வீச்சில் ஒரு மீன் மட்டுமன்று, ஒரு தலைமுறையே போகின்றது. குஞ்சோடு நிற்கும் தோமானுக்குத் தூண்டில் வீசாதிருத்தலே முறை. தவறி மாட்டிக்கொண்டால், முள்ளைக் கழற்றி, பிடித்த அதே இடத்தில், உடனே விட்டுவிட வேண்டும். படகில் வைத்து வேடிக்கை பார்த்துவிட்டு அரை மைல் தள்ளி விடுவதால் பயனில்லை.

ஏரியில் இன்னொரு தொல்லையும் உண்டு. மின்சாரத் தேவைக்கேற்ப அணைகளில் நீரைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பதால் செண்டரோவின் நீர்மட்டம் ஏறி இறங்குகின்றது. கரையோரப் புல்லில் இட்ட முட்டைகளும் குஞ்சுகளும் நீர் வற்றியபோது காய்ந்துபோக நேரிடும். இதனைத் தூண்டில்காரர் தடுக்க இயலாது. ஆனால், இயற்கையும் அணையும் சேர்ந்து ஏற்கெனவே கழித்துவிட்ட கணக்கிலிருந்துதான் தாமும் கழிக்கின்றோம் என்பதனை அவர் அறிந்திருத்தல் நலம்.

பெரிய மீனைப் பிடிப்பதா, சிறியதைப் பிடிப்பதா என்னும் கேள்வி அடிக்கடி எழுகின்றது. சிறியதை விட்டுவிட்டுப் பெரியதை எடுப்பதே அறம் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். அது முழுதும் சரியன்று. நன்கு வளர்ந்த பெண் மீன் ஒன்று சிறிய பெண் மீனைக் காட்டிலும் பன்மடங்கு முட்டைகளை இடும். அமெரிக்க ஏரிகள் பலவற்றில், இடைப்பட்ட அளவுள்ள பாஸ் மீன்களை எடுக்கக்கூடாது என்றும், அதற்குக் குறைந்தவற்றில் சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்றும் விதி வகுத்துள்ளனர். நெரிசலான சிறு மீன்களைக் குறைத்தால் மற்றவை விரைவில் வளரும், வளர்ந்தவை முட்டையிடும். பிடித்ததையெல்லாம் விட்டுவிடுவதும் எல்லா நீர்நிலைகளுக்கும் ஏற்ற வழியன்று என்பதனை அவர்கள் பட்டறிந்தனர். நம் தோமானுக்கும் செபராவுக்கும் இதனை எண்ணிப் பார்க்கலாம். சமையலுக்கு வேண்டிய ஓரிரு நடுத்தர மீன்களை எடுத்துக்கொண்டு, மிகப் பெரியவற்றை நீருக்கே திருப்பித் தருவது இழப்பன்று. பெரிய தோமானின் இறைச்சி அவ்வளவு சுவையாகவும் இருப்பதில்லை என்பது என் தனிப்பட்ட கருத்து.

இனி, கொண்டுவந்து சேர்க்கக் கூடாதவை. பீக்காக் பாஸ் என்ன செய்யும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று பனாமா நாட்டின் காத்தூன் ஏரி. அதுவும் ஆற்றை அணையிட்டு உண்டான ஏரிதான். பனாமாக் கால்வாய் அதன் வழியே செல்கின்றது. 1967ஆம் ஆண்டு வாக்கில், மேல் நீரோட்டத்தில் ஒரு குளத்தில் வளர்க்கப்பட்ட பீக்காக் பாஸ்கள் தப்பி ஆற்றில் புகுந்து ஏரிக்கு வந்து சேர்ந்தன. சில ஆண்டுகளுக்குள், அங்கே முன்பு சாதாரணமாகக் கிடைத்துவந்த எட்டு மீனினங்களுள் ஆறு, அது பரவிய பகுதிகளில் காணக் கிடைக்காமல் போயின. சாரெட், பெயின் என்னும் இரு அறிஞர்கள் 1973ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். சிறு மீன்களை நம்பியிருந்த நீர்ப்பறவைகளும் குறைந்ததாக அவர்கள் குறிப்பிட்டனர். நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் அதே ஏரியில் வலையிட்டுப் பார்த்த ஆய்வு 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. போன மீன்கள் திரும்பவில்லை என்பதே அதன் முடிவு.

பீக்காக் பாஸ் ஏன் இவ்வளவு கேடு செய்கின்றது? தோமானும் வேட்டை மீன்தானே என்று சிலர் வாதிடுவர். நியாயமான கேள்விதான். தோமானோடும் செபராவோடும் நம் சிறு மீன்கள் எண்ணற்ற தலைமுறைகளாகக் கூடி வாழ்ந்து, எங்கே ஒளிவது, எப்போது வெளிவருவது என்பதனைத் தம் இயல்பிலேயே கொண்டுள்ளன. புதிதாக வந்த வேட்டை மீனின் வேகத்திற்கும் முறைக்கும் அவற்றிடம் அத்தகைய காப்பு இல்லை. வந்த மீனோ தன் குஞ்சுகளை இரு பெற்றோரும் காக்கும் வழக்கமுடையது. இரையைத் தின்று தீர்த்தபின் தன் குஞ்சுகளையே தின்றும் அது பிழைத்துக்கொள்ளும்.

கிந்தா ஆறு, கோலா கங்சாருக்கு வெகு தெற்கே பேராக் ஆற்றில் கலக்கின்றது. வெள்ளக் காலத்தில் சுரங்கக் குட்டைகள் பொங்கி வழிந்தாலும், அங்குள்ள மீன் ஆற்றை எதிர்த்து நெடுந்தொலைவு ஏறி, செண்டரோவின் அணைச்சுவரையும் கடந்து மேலே வருவது எளிதன்று. ஆனால் பிராணவாயு அடைத்த பிளாஸ்டிக் பையில் இருபது குஞ்சுகளை வைத்து, ஒரு மோட்டார் சைக்கிளில் ஏறினால், ஈப்போவிலிருந்து ஏரிக்கரைக்கு ஒரு மணி நேரப் பயணம். நீர்நிலைகளுக்கு அந்நிய மீன்கள் பரவும் வழிகளுள் மிகப் பெரியது இதுவே. பெரும்பாலும் தீய எண்ணத்தோடு எவரும் இதனைச் செய்வதில்லை. நம் ஊருக்கு அருகிலும் நல்ல ஆட்டம் தரும் மீன் இருக்கட்டுமே என்னும் ஆசைதான்.

பேராக் ஆற்றில் இழக்க என்ன இருக்கின்றது என்று கேட்போருக்குத் தெமோலே என்னும் ஒரு பெயரே போதும். உடல் நெடுகக் கரிய கோடுகள் ஓடும் இப்பெரிய கெண்டை, நம் நாட்டில் பேராக் ஆற்றிலும் பகாங் ஆற்றிலும் வாழ்வது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைத் தடுக்கும் உடன்படிக்கையின் முதற் பட்டியலில் 1975ஆம் ஆண்டு முதலே அது இடம்பெற்றுள்ளது. அணைகளும், மணல் அள்ளுவதும், அளவுக்கு மீறிய வலையும் ஏற்கெனவே நெருக்கிவரும் மீன் அது.

ஆகவே சுரங்கக் குட்டைகளில் பீக்காக் பாஸ் பிடிப்போர், தோமானுக்குச் சொன்னதற்கு நேர்மாறாக நடந்துகொள்ள வேண்டும். பிடித்ததை நீரில் விட வேண்டா. வீட்டிற்கு எடுத்துச் செல்க. வெண்மையான, முள் குறைந்த இறைச்சி; மஞ்சளும் மிளகாயும் பூசிப் பொரித்தால் கடல் மீனுக்கு ஈடாக இருக்கும். உயிரோடு மட்டும் வேறு நீர்நிலைக்குக் கொண்டு செல்லற்க. இவ்வகையில் தூண்டில் விளையாட்டும் நடைபெறும். அந்நிய மீனின் கூட்டமும் ஓரளவு குறையும்.

நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகியவற்றைக் கொண்டு மீன் பிடிப்பதனை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடை செய்துள்ளது. முற்காலத்தில் ஓடைகளில் தூபா வேரை இடித்துக் கலக்கும் பழக்கம் இருந்தது. அந்நஞ்சு பெரியது சிறியது என்று பாராமல் செவுளால் சுவாசிக்கும் மீன் அனைத்தையும் மயக்கிக் கொல்லும். மின்கலத்தை முதுகில் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்குவோர் இன்றும் உளர். மீனுக்கு முன் தாமே மடியக்கூடும் என்பதனையும் அவர்கள் எண்ணுவதில்லை. உள்நாட்டு நீர்நிலைகளுக்கு மாநிலத்திற்கு மாநிலம் தனி விதிகளும் உண்டு. புதிதாக ஓர் ஏரிக்குச் செல்வோர் முதலில் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்வது நன்று.

இறுதியாக, வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வாங்கும்போது விரலளவு இருந்த மீன் ஓராண்டில் தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்துவிடும். கொல்ல மனமின்றி அதனை ஆற்றிலோ ஏரியிலோ விட்டுவிடுவோர் பலர். உயிரிரக்கத்தால் செய்யும் செயல்தான். 'ஈக்கான் பண்டாராயா' எனப்படும் தொட்டி துப்புரவு மீன் நாட்டின் பல ஆறுகளில் இன்று பெருகியிருப்பது இவ்வாறு விடப்பட்டவற்றால்தான். வளர்க்க இயலாத மீனை வாங்கிய கடைக்கே திருப்பித் தரலாம்; பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுக்கலாம்; அவ்விரண்டும் கூடாவிடில் மீன்வளத் துறை அலுவலகத்தை நாடலாம். தொட்டியை மாற்றும்போது வடிக்கும் நீரையும் ஓடையில் ஊற்றாமல் செடிகளுக்கு ஊற்றுக. கண்ணுக்குத் தெரியாத முட்டைகளும் நோய்க் கிருமிகளும் அந்நீரில் இருக்கக்கூடும்.